நெஞ்சுப் பெருநாடி வீக்கமும் ஸ்டென்ட் கிராஃப்ட்டும்: கேள்வி-பதில்

கே: அப்பாவுக்குப் பெருநாடியில் 5.8 செ.மீ. அனியூரிசம் (வீக்கம்). உடனே ஸ்டென்ட் வைக்கணுமா?

ப: பெருநாடியின் எந்தப் பகுதியில் என்று எழுதவில்லையே! இதயத்திலிருந்து மேலேறும் பகுதி என்றால் வழக்கமாக நெஞ்சைத் திறந்துதான் அறுவை. கீழிறங்கும் பகுதி என்றால் 5.5 செ.மீ.-ஐத் தொட்டதுமே ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலையோடு தைத்த துணிக்குழாய்) பற்றிப் பேசலாம். இன்னொன்று, நெளிந்த குழாயைச் சாய்வாக வெட்டிய படத்தில் அளந்தால் அளவு கூடிக் காட்டும். மையக்கோட்டுக்குச் செங்குத்தாக அளந்ததா என்று கேளுங்கள்.

கே: குழாய் 34 மி.மீ.தான். 40 மி.மீ. கிராஃப்ட் எதற்கு?

ப: பிடிப்புக்கு. 10 முதல் 20 சதவீதம் பெரிதாக எடுப்பதே வழக்கம். சரியளவில் வைத்தால் விளிம்பில் ரத்தம் கசியும், நகரவும் செய்யும். மிகப் பெரிதானால் துணி மடிந்து, மடிப்பு வழியே கசியும்.

கே: இடது கைக்குப் போகும் குழாயை மூடுவோம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ப: கிராஃப்ட் பிடித்து நிற்க, வீக்கத்துக்கு மேலே 2 செ.மீ.யாவது நல்ல குழாய் இல்லையென்றால் அப்படித்தான். கழுத்துத் தமனியிலிருந்து கைக்கு முதலில் பைபாஸ் போட்டுவிடுவது நல்லது. இடது நெஞ்சுத் தமனியை எடுத்து இதய பைபாஸ் செய்தவர், இடது கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ளவர் என்றால் அது கட்டாயம்.

கே: மார்ஃபான் (ரத்தக்குழாய்ச் சுவரைப் பலவீனமாக்கும் மரபணு நோய்) உள்ளவருக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கலாமா?

ப: உயிர் போகும் அவசரம் தவிர, வேண்டாம். விளிம்பு உட்காரும் சுவரே நோயுற்ற சுவர்.

கே: கிராஃப்ட் வைத்து 14 மாதம் ஆச்சு. ஒரு தொந்தரவும் இல்லை. சிடி எடுத்தே ஆகணுமா? இதய ஸ்டென்ட் வைத்த மாமாவுக்கு யாரும் சிடி கேட்கவில்லையே?

ப: மாதாமாதம் வரும் கேள்வி. இதய ஸ்டென்ட் அடைப்பைத் திறக்கிறது. இது வீங்கிய பைக்குள் புதுக் குழாய் விடுவது. பை உள்ளேயேதான் இருக்கிறது. அந்தப் பைக்குள் ரத்தம் கசிவதுதான் எண்டோலீக். கிராஃப்ட்டின் நுனியில் கசிந்தால் முதல் வகை. துண்டுகள் சேரும் இடம் பிரிந்தாலோ துணி கிழிந்தாலோ மூன்றாம் வகை. இரண்டிலும் பைக்குள் முழு அழுத்தம் ஏறும், வலியே தெரியாமல். உடனே சரிசெய்தாக வேண்டும். கிளைக்குழாய் வழியே திரும்பி நிரம்பும் இரண்டாம் வகையை, பை வளராதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்த வகை என்பது உடம்புக்குத் தெரியாது, படத்துக்குத்தான் தெரியும்.

ஒரு மாதத்தில், 12 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் படம். சிடிக்குப் போடும் சாயம் ஒத்துக்கொள்ளாத அளவுக்குச் சிறுநீரகம் பலவீனமா? அதுவும் சாக்கு இல்லை. சாயம் போடாத சிடியில் பையின் அளவும் எக்ஸ்ரேயில் கிராஃப்ட் நகர்ந்ததும் தெரியும். பை 5 மி.மீ. வளர்ந்திருந்தால் அப்போது சாயத்தை யோசிக்கலாம்.

அமெரிக்காவில் 2005-இல் முதல் நெஞ்சுக் கிராஃப்ட்டுக்கு அனுமதி வாங்கித்தந்த ஆய்வைப் பாருங்கள். சிகிச்சையை ஒட்டிய மரணம் ஸ்டென்ட் கிராஃப்ட்டில் 100-க்கு 2, திறந்த அறுவையில் 12. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வயதும் இதயமும் நுரையீரலும் கணக்கைச் சமன்செய்துவிட்டன. ஆகவே சிடியோடு ரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள், புகைப்பதையும் விடுங்கள்.

கே: கிராஃப்ட் வைத்த மூன்றாம் நாள் காய்ச்சல்?

ப: முதல் சில நாள் லேசாக வரும். ஒரு வாரம் தாண்டினால் கிருமியைத் தேடணும்.

கே: கிராஃப்ட் வைத்த பிறகு கால் மரத்தது போல் இருந்தால்?

ப: கடிதம் எழுதாமல் ஓடுங்கள். முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைவது 100-க்கு 3 முதல் 5 பேருக்கு. சில நாள் கழித்தும் வரும். ரத்த அழுத்தத்தை உயர்த்தி, தண்டுவடத் திரவத்தை வடித்தால் பலருக்குக் காலின் உணர்வும் பலமும் திரும்பும், நேரத்தில் வந்தால்.

கே: சளிக்கு லிவோஃப்ளாக்சசின் எடுக்கலாமா?

ப: மாற்று இருந்தால் தொடாதீர்கள். அந்த வகை (ஃப்ளோரோகுவினலோன்) ஆன்டிபயாடிக் மருந்துகள் பெருநாடிச் சுவரைக் கிழிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் முன், வீக்கம் இருப்பதைச் சொல்லுங்கள்.