பேரன் தள்ளிவைத்த சாசேஜ் தட்டு

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். போன ஆடியில் பேரன், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாசேஜும் காய்களும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஓவனில் வைத்து எடுப்பார்களாமே, பேரனுக்கு அது என்றால் உயிர். அவனுக்காகவே 28 லிட்டர் ஓடிஜி வாங்கினேன். மகள் காட்டிய செய்முறைப்படி உருளை, கேரட், குடைமிளகாயோடு வீட்டில் இருந்த சௌசௌவையும் வெட்டிப் போட்டு, உப்பு தூவி, அரைத்த தக்காளியை ஊற்றி, மேலே சிக்கன் சாசேஜை அடுக்கி, 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். உருளை நறுக் நறுக்கென்று இருந்தது. அடியில் ஒரு டம்ளர் தண்ணீர். சாசேஜ் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. "அம்மாச்சி, இது அது இல்ல" என்று பேரன் தட்டைத் தள்ளிவிட்டான். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர். வரும் ஆடிக்கு மறுபடியும் வருகிறார்கள். வீட்டுக்காரருக்கு பி.பி. இருக்கிறது, மாமியார் சுத்த சைவம். இதைச் சரியாகச் செய்ய வழி உண்டா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தைச் சந்தேகப்படாதீர்கள். மகள் காட்டிய செய்முறை அங்கே கிடைக்கிற சாசேஜை மனதில் வைத்து எழுதியது. நீங்கள் போட்டது இங்கே கிடைக்கிற சாசேஜ். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில் இந்த மாதிரிப் பதார்த்தத்துக்குப் பெரும்பாலும் பச்சைப் பன்றி இறைச்சி சாசேஜைத்தான் போடுவார்கள். அதில் கொழுப்பு நிறைய. முக்கால் மணி நேரம் ஓவனில் கிடக்கும்போது கொழுப்பு உருகி இறங்கி, கீழே இருக்கிற உருளையை முறுகவைக்கும். அந்த நேரத்துக்குள் இறைச்சியும் உள்ளே வெந்துவிடும். நம் ஊர் ஃப்ரீசர் பெட்டிகளில் கிடைக்கிற சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது, கொழுப்பும் குறைவு. சூடேறினால் போதும், சாப்பிட்டுவிடலாம். அதை இன்னொரு மணி நேரம் ஓவனில் வைத்தால் உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் போய் ரப்பராகாமல் என்ன செய்யும்? கீழே இருக்கிற காய்க்கும் அதிலிருந்து எண்ணெய் இறங்காது. அதனால் நமக்கு முறையே வேறு. காய் முதலில், அதற்கு வேண்டிய எண்ணெயை நாமே விட வேண்டும். சாசேஜ் கடைசி கால் மணி நேரத்துக்குத்தான் உள்ளே போக வேண்டும்.

உருளை வேகாததற்குக் காரணம் தக்காளி. புளிக்குழம்பு வைக்கும்போது காய் முக்கால் பதம் வெந்த பிறகுதானே புளியைக் கரைத்து ஊற்றுகிறோம்? முன்னாலேயே ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியும். தக்காளிப் புளிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் காய் குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. பச்சை உருளை மேல் தக்காளியை ஊற்றிவிட்டால் ஒரு மணி நேரம் என்ன, ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நறுக் போகாது.

தண்ணீர் வந்தது சௌசௌவால். சுரை, பூசணி, சௌசௌ எல்லாம் நீர்க்காய். உப்பும் சேர்ந்தால் இருக்கிற தண்ணீரையெல்லாம் விட்டுவிடும். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்திருந்தால் ஆவி மேலே போக வழியில்லாமல் அங்கேயே திரும்பவும் தண்ணீராகும். ஓவனுக்குள் இடிக்காமல் போகிற அளவில் உங்களிடம் இருப்பதிலேயே அகலமான பாத்திரத்தை எடுங்கள். காய் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் குவியக் கூடாது. சௌசௌவைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறைக்கு வருவோம். ஐந்து பேருக்கு அரைக் கிலோ உருளை, கால் கிலோ கேரட், உரித்த பட்டர் பீன்ஸ் ஒரு கப், ஒரு குடைமிளகாய், இருபது சின்ன வெங்காயம், தோலோடு பத்துப் பல் மலைப்பூண்டு, நாலு தக்காளி, 300 கிராம் சாசேஜ். கேரட்டும் பட்டர் பீன்ஸும் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வருகிற மலைக்காயாக இருந்தால் நல்லது. பட்டர் பீன்ஸை விட்டுவிடாதீர்கள். வயிறு நிறைகிற பதார்த்தம் என்ற பேர் அதனால்தான் வருகிறது. பிரான்சின் தெற்கே காஸ்டெல்நோடாரி என்று ஓர் ஊர். வெள்ளை பீன்ஸையும் சாசேஜையும் மண்சட்டியில் போட்டு மணிக்கணக்கில் ஓவனில் வைத்துச் செய்கிற 'கசூலே' அந்த ஊருக்குப் பெருமை சேர்த்த பதார்த்தம். பயறும் மண்சட்டியும் நம் வீட்டில் இல்லாததா? உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பட்டர் பீன்ஸைத் தனியாக மெத்தென்று வேகவைத்து வடித்துவிடுங்கள். உருளையைத் தோல் சீவி, ஒரு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் கொதி வந்ததிலிருந்து ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். கத்தி நுனி ஓரத்தில் இறங்கி நடுவில் தட்டுப்பட வேண்டும், அதுதான் பதம். வடித்ததும் அதே பாத்திரத்தில் திரும்பக் கொட்டி, மூடி போட்டு இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். ஓரமெல்லாம் மாவு மாவாகப் பிசிறி நிற்கும். ஓவனில் முறுகிப் பொன்னிறமாகப் போவது அந்தப் பிசிறுதான். பிறகு மூடியைத் திறந்து ஆவி அடங்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். ஈரத்தோடு ஓவனுக்குள் போனால் முறுகாது.

ஓவன் 200 டிகிரிக்குச் சூடாகட்டும், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும். ஓடிஜியை ஏசி மாட்டுகிற பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். சாயங்காலம் உங்கள் பகுதியில் வோல்டேஜ் இறங்குமா என்றும் கவனியுங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் கம்பி தருகிற சூட்டில் ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும். செய்முறையில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கு அப்போது ஒத்துவராது. அப்படி என்றால் மதியச் சாப்பாட்டுக்குச் செய்யுங்கள்.

உருளை, கேரட், சின்ன வெங்காயம், பூண்டு இவற்றை மூன்று மேஜைக்கரண்டி கடலை எண்ணெய், அரை ஸ்பூன் இடித்த சோம்பு, ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், இரண்டு சிட்டிகை ஓமம் சேர்த்துப் புரட்டிப் பாத்திரத்தில் பரப்புங்கள். ஓமம் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே இதற்குத் தைம் என்ற தழையைப் போடுவார்கள். தைமுக்கு மணம் தருகிற தைமால் என்ற பொருள்தான் ஓமத்திலும் இருக்கிறது. உங்கள் பேரனின் மூக்கு தேடுகிற வாசனை அதுவாகக்கூட இருக்கலாம். கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள், கசக்கும். முப்பது நிமிடம் வையுங்கள், நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அது உள்ளே வேகிற நேரத்தில் அடுப்பில் தக்காளியை வதக்கித் தொக்காக்குங்கள். எண்ணெய் பிரிந்து, கரண்டியிலிருந்து வழியாமல் நிற்க வேண்டும். இன்னொரு பக்கம் தோசைக்கல்லில் சில சொட்டு எண்ணெய் விட்டு சாசேஜை இரண்டு நிமிடம் உருட்டி நிறம் ஏற்றுங்கள். கொழுப்பு இல்லாத சாசேஜுக்கு வறுத்த வாசனை இதில்தான் கிடைக்கும். முப்பது நிமிடம் முடிந்ததும் பாத்திரத்தை வெளியே எடுத்து, பட்டர் பீன்ஸ், குடைமிளகாய், தொக்கு மூன்றையும் கலந்து, சாசேஜைப் பாதி புதைகிற மாதிரி செருகி, மறுபடியும் 15 நிமிடம். கடைசியில் ரஸ்க்கைப் பொடித்துக் கொஞ்சம் வெண்ணெயில் பிசறி மேலே தூவி, மேல் கம்பியில் மட்டும் ஐந்து நிமிடம். அந்த ரஸ்க் தூவுகிற வேலையைப் பேரன் கையில் கொடுங்கள், ஆனால் சுடுகிற பாத்திரத்தை ஓவனில் ஏற்றி இறக்குவது நீங்களாகவே இருங்கள். வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் ஆறட்டும். பன் இருந்தால் போதும், தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

வெந்த சாசேஜா, பச்சையா என்பதைப் பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். பச்சை என்றால் 25 நிமிடம் வேண்டும், நடுவில் வெட்டினால் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். மதுரையில் வாங்கி பஸ்ஸில் திருமங்கலம் கொண்டுவருவதாக இருந்தால் ஐஸ் வைத்த பையில் கொண்டுவாருங்கள். உள்ளே பனிக்கட்டி கட்டியாக உறைந்திருக்கிற பாக்கெட் ஒருமுறை உருகித் திரும்ப உறைந்ததாக இருக்கும், அதை எடுக்க வேண்டாம். சமைப்பதற்கு முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மெதுவாக இளகிவிடும்.

கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பதில் மானாமதுரைச் சட்டியில் செய்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டம் அது, உங்களுக்குப் பக்கத்து ஊர். அகலமான சட்டியாகப் பார்த்து வாங்கி, கழுநீர் ஊற்றிப் பழக்கிக்கொள்ளுங்கள். சூடான ஓவனுக்குள் குளிர்ந்த சட்டியை வைத்தால் விரிசல் விடும். சட்டியைக் காயோடு உள்ளே வைத்துவிட்டு அதற்குப் பிறகு ஓவனைப் போடுங்கள், பத்து நிமிடம் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். வெளியே எடுக்கும்போது ஈரமான மேடையில் வைக்காமல் மரப்பலகையில் வையுங்கள். கண்ணாடிக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்காரர் விஷயத்தை லேசாக விட முடியாது. சாசேஜில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கும் இது எப்போதாவது ஒருநாள் சாப்பாடாக இருக்கட்டும், வாராவாரம் வேண்டாம். உருளை வேகிற தண்ணீரில் போட்ட உப்பு போதும், மேலே தூவ வேண்டாம். சீஸும் வேண்டாம், அதுவும் உப்புதான்.

அவருக்கு நான் சொல்வது கோலா. கால் கிலோ கொத்துக்கறியை சின்ன வெங்காயம், சோம்பு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தேங்காயோடு அரைத்து, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்காமல் விரல் நீளத்துக்கு உருட்டி, தோசைக்கல்லில் எல்லாப் பக்கமும் வேகவிட்டு, சாசேஜ் போகிற அதே நேரத்தில் பாத்திரத்தின் ஒரு பக்கம் செருகிவிடுங்கள். உப்பு எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆட்டுக்கறிக் கொழுப்பு லேசாக உருகி உருளையில் இறங்குவதால் சிக்கன் சாசேஜ் தராத ருசியும் வரும். என்னைக் கேட்டால் அந்தப் பாத்திரத்தில் முதலில் தீரப்போவது கோலா இருக்கிற பக்கம்தான். பேரனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "இது உங்க ஊர்ல செய்றது இல்லடா, அம்மாச்சி வீட்டுல செய்றது" என்று. அவன் அங்கே சாப்பிட்ட ருசியே வரும் என்று எதிர்பார்க்கவைத்து ஏமாற்ற வேண்டாம்.

மாமியாருக்காகத் தனியாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை. நம் முறையில் முதல் முப்பது நிமிடமும் பாத்திரத்தில் இருப்பது வெறும் காய்தான். இறைச்சி பக்கத்தில் போவதற்கு முன்பே அவர் பங்கை ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்து, பட்டர் பீன்ஸும் தொக்கும் கலந்து, ரஸ்க் தூவி, முதலில் அதை மட்டும் பத்து நிமிடம் ஓவனில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகு சாசேஜை எடுங்கள். ஓவனில் முன்பு இறைச்சி வைத்த வாசனை அவருக்கு ஆகாதென்றால் முந்தின நாளே கம்பித் தட்டைப் புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, வெறும் ஓவனைக் கால் மணி நேரம் எரியவிட்டு வையுங்கள். அவருக்கென்று ஒரு பாத்திரமும் ஒரு கரண்டியும் தனியாக வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே அவரிடம் காட்டி, "அத்தை, இது உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.