கேள்வி நேரம்: ஒரே சுவரில் இரண்டு கடல்

கேள்வி: எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஓர் ஓவியர் இடப்புறம் கொந்தளிக்கும் கடலையும், வலப்புறம் குளம்போல் கிடக்கும் கடலையும், நடுவே ஓலைகளெல்லாம் வலப்பக்கம் சாய்ந்த ஒற்றைப் பனையையும் வரைந்திருக்கிறார். வாழ்க்கையின் துன்பமும் இன்பமும்தான் அவை என்கிறார்கள். அப்படித்தானா? ஓராண்டுக்குள் அடிப்பகுதியில் வண்ணம் பொரிந்து உதிர்வது ஏன்?
– வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: அந்த விளக்கம் எந்த ஊர்ச் சுவருக்கும் பொருந்தும் என்பதே அதன் குறை. இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள உங்கள் மண்டபம் ஊரில் கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் வடகடலான பாக் விரிகுடா, வலக்கைப் பக்கம் தென்கடலான மன்னார் வளைகுடா. வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்கிக் கிடக்கும்; தென்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். பனையோலை தெற்கே சாய்ந்திருப்பதால், ஓவியர் காட்டியிருப்பது வாடைக்காலம் என்று வலை இழுப்பவர் எவரும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும் இந்தப் பருவத்தில்தான் என்பதால், தனித்து நிற்கும் அந்தப் பனை இக்கரையில் வெறும் மரமாக இருக்க முடியாது. ஓவியர் அதை எண்ணி வரைந்தாரோ இல்லையோ, பார்ப்பவர் எண்ணாமல் போகமாட்டார்.

தொல்காப்பியம் உள்ளுறை என்று சொல்வதும் இதற்கு நெருங்கியதே. மரம், பறவை போன்ற கருப்பொருள்களைச் சொல்லிவிட்டு, சொல்ல வந்த பொருளை அந்நிலத்தை அறிந்தவரின் மனத்துக்கு விட்டுவிடுவது அம்முறை. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தே சுவரோவியமும் மாறும். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அவ்வூரை ஆண்ட சேதுபதி மன்னரின் அரண்மனைக்குள் எழுதப்பட்டவை. அங்கே மன்னரின் போரும் அவையும் இடம்பெற்றன. ஏலக்கூடத்துச் சுவரைப் பார்ப்பவர்களோ மீன்கூடையோடு வருபவர்கள் என்பதால், அவர்களுக்குக் காற்றே போதுமான பாத்திரம். (எங்கு பார்த்தாலும் வெண்புறாவையே பறக்கவிடும் சுவரோவியர்கள் ஒருமுறை உங்கள் ஊருக்கு வந்து போகலாம்.)

வண்ணம் உதிர்வதற்குக் காரணம் உப்பு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகும்போது அந்த உப்பு படிகமாகி, ஈரத்தை எளிதில் வெளியேவிடாத எமல்ஷன் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே மறுபடி வண்ணம் அடிப்பதால் பயனில்லை. அந்தப் பகுதியின் பூச்சைச் சுரண்டியெடுத்து, ஈரம் ஏறும் வழியை அடைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி நன்கு உலரவிட்டு, சுண்ணாம்போடு ஒத்துப்போகும் வண்ணங்களால் எழுதச் சொல்லுங்கள். அதுவரை, உதிர்வது வடகடலின் பக்கமா தென்கடலின் பக்கமா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.