பட்டாளத்து போஸ்ட் கார்டு: எழுத்த விட்டுட்டு மொதல்ல முத்திரையப் பாருங்க (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல, உங்க வூட்டு அட்டாலிலயோ டிரங்குப் பொட்டிலயோ சண்டைக் காலத்துப் பட்டாளத்துக் காகிதம் இருந்தா ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, முடிஞ்ச வரைக்கும் படிச்சுச் சொல்றேன்னு எழுதியிருந்தேனுங்க. கோபி, தாராபுரம், காங்கேயம்னு கொங்குநாடு பூராவும் இருந்து வந்திருக்குது, ரொம்ப சந்தோசம். எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிப்போடறேன். பட்டாளத்துல இருந்து எழுதறவங்க எங்க இருக்கறோம், என்ன பண்றோம்னு எழுதக்கூடாது, எழுதுனா சென்சார் அடிச்சுப்போடுவான். அதனால அட்டைக்குள்ள பெரும்பாலும் "நான் க்ஷேமம், அங்க எல்லாரும் க்ஷேமமா"ங்கறது மட்டுந்தான் இருக்கும். மிச்ச விசயமெல்லாம் ஓரத்துல இருக்கற முத்திரை, நம்பர், இங்கிலீஷ் சுருக்கெழுத்து இதுங்ககிட்டதான் இருக்குதுங்க.

கே: எங்க ஐயனோட அப்பாரு மொத உலகப்போருக்குப் போனவருங்க. அவரு அனுப்புன அட்டை ஒண்ணு இருக்குது. பூரா அச்சடிச்ச இங்கிலீஷ் வரிங்க, பென்சில்ல வரிவரியா அடிச்சுட்டு ஒரே ஒரு வரிய மட்டும் அடிக்காம விட்டிருக்காரு. கீழ தமிழ்ல கையெழுத்து, 1916னு தேதி. அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து கூட தெரியாதுங்க. இது என்ன மாதிரி காகிதம்? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

அம்மணி, இதுக்குப் பேரு ஃபீல்ட் சர்வீஸ் போஸ்ட் கார்டு, ராணுவத்துல ஏ 2042ன்னு ஃபாரம் நம்பர். நான் நல்லா இருக்கறேன், ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க, சீக்கு, காயம், உங்க காகிதம் வந்துது, பார்சல் வந்துது, சமயம் கெடைக்கறப்ப காகிதம் எழுதறேன், இப்பிடி வரிசையா அச்சடிச்சிருக்கும், வேண்டாததெல்லாம் அடிச்சுட்டு கையெழுத்தும் தேதியும் மட்டும் போடணும். வேற ஒரு வார்த்த சேத்து எழுதுனாலும் அட்டைய அழிச்சுப்போடுவோம்னு மேலயே அச்சடிச்சிருப்பாங்க. சென்சார்காரங்க ஒக்காந்து படிக்கற வேலை இல்லாததால இது சீக்கிரம் போய்ச் சேரும், தபால்தலையும் வேண்டாம். இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு கூட இருக்கற யாராச்சும் வரியப் படிச்சு அர்த்தம் சொல்ல, இவங்க அடிச்சு விடுவாங்க.

நீங்க ஒரே ஒரு வரிதான் அடிக்காம விட்டிருக்காருன்னு எழுதியிருக்கீங்க, ஆனா போட்டோவப் பெரிசு பண்ணிப் பாத்தா ரெண்டு இருக்குதுங்க. மேல "நான் நல்லா இருக்கறேன்". கீழ கடைசிக்குப் பக்கத்துல "உங்ககிட்ட இருந்து காகிதம் வரல"ங்கற வரி, அதுக்குப் பக்கத்துல "கொஞ்ச நாளா", "ரொம்ப நாளா"ன்னு ரெண்டு வாசகம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும். அவரு "கொஞ்ச நாளா"வ மட்டும் அழுத்தி அடிச்சிருக்காரு, பேப்பரே குழி விழுந்திருக்குது பாருங்க. ஊருல இருந்து காகிதம் வராம எவ்வளவு வெசனப்பட்டிருக்காருன்னு அந்த ஒரு கோடு சொல்லிப்போடுது.

மறுபக்கம் வட்ட முத்திரைல எஃப்.பி.ஓ.ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்குதே, அது போர்க்களத் தபாலாபீஸ். ஊர் பேர் போடாம நம்பர் மட்டும் குத்துவாங்க, எந்த நம்பர் எப்ப எங்க இருந்துச்சுன்னு தபால்தலை சேக்கறவங்ககிட்ட லிஸ்ட்டு இருக்குது. அதுக்குப் பக்கத்துல ஐ.ஈ.எஃப். "டி"ன்னு இருக்கறதால எடம் தெரிஞ்சு போச்சுங்க. ஐ.ஈ.எஃப்.ன்னா இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ், வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்புன இந்தியப் படை. இந்தியப் பட்டாளத்த எழுத்து வாரியாத்தான் பிரிச்சு அனுப்புனாங்க, "ஏ" ஃபிரான்சு, "பி"யும் "சி"யும் கிழக்கு ஆப்பிரிக்கா, "டி" மெசபடோமியா, அதாவது இன்னைக்கு ஈராக், "ஈ"யும் "எஃப்"பும் எகிப்து, "ஜி" கலிப்போலி. உங்க ஆளு போனது ஈராக்குங்க. 1916 ஏப்ரல் 29ல குட்ங்கற ஊருல ஒரு பெரிய படையே துருக்கிகிட்ட சரணடைஞ்சு போச்சு, இவரு தேதி ஆகஸ்டு, ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் வழியா வந்திருக்குது, அதனால அந்தக் கூட்டத்துல மாட்டல. அட்டைல ஊதா நெறம் அங்கங்க தெரியறது காப்பியிங் பென்சில், ஈரம் பட்டா மை மாதிரி ஊறிப்போயிடும், ஈரத்துணில தொடச்சுராதீங்க.

கே: ஜார்ஜ் மன்னர் தலை போட்ட தபால்தலை மேல ஐ.ஈ.எஃப்.னு கருப்புல அச்சடிச்சிருக்குதுங்க. வெட்டி எடுத்து ஆல்பத்துல வெக்கட்டுமா? – கல்லூரி மாணவர், ஈரோடு

வேண்டவே வேண்டாம் தம்பி. 1914ல இருந்து அந்தப் படைங்களுக்குன்னே அச்சடிச்ச தபால்தலை அது, தனியா இருந்தா சாதாரணமாவே கெடைக்கும். கவரோட, முத்திரையோட, விலாசத்தோட இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. பழைய கடைல கட்டா வர்ற ஒரே குடும்பத்துக் காகிதத்தப் பிரிச்சு ஒண்ணொண்ணா விக்கறவங்களப் பாத்தாலும் எனக்கு மனசு ஆறாது. மொத அட்டைல புரியாதது நாலாவது அட்டைல புரியும், பிரிச்சுட்டா அந்த வழியே போச்சு.

கே: எங்க அப்பாரு ரெண்டாவது சண்டைல பர்மா பக்கம் இருந்தாருன்னு சொல்லுவாங்க. அவரு எழுதுன கார்டுல இங்கிலீஷ் தேதி இல்ல, முத்திரையும் தேஞ்சு போச்சு. மேல சுபானுன்னு படிக்க முடியுது, அதுக்கப்புறம் கொக்கி கொக்கியா ஏதோ. நடுவுல மாட்டப் பத்தி என்னமோ கேக்கறாரு, அந்த ஒரு வார்த்த மட்டும் வூட்டுல யாருக்கும் படிக்க வரல. – வாசகர், காங்கேயம்

நீங்க அனுப்புன போட்டோல எல்லாமே தெளிவா இருக்குதுங்க. "சுபானு௵ தை௴ ௰௨௳". கொக்கி மாதிரி இருக்கறதெல்லாம் வருசம், மாசம், தேதிக்கு நம்மாளுக பழங்காலமா போடற குறி. ௰ன்னா பத்து, ௨ன்னா ரெண்டு, ஆக தை 12. சுபானு வருசம் 1943 சித்திரைல பொறந்து 1944 பங்குனில முடியுது, அப்ப இது 1944 ஜனவரி கடைசி வாரம். இதே மாதிரி படிக்கறவங்களுக்கு உதவும்னு சண்டைக்கால வருசங்கள எழுதிப்போடறேன், 1939 சித்திரைல இருந்து பிரமாதி, விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப. மொத சண்டைக்கு 1914ல இருந்து ஆனந்த, ராட்சச, நள, பிங்கள, காளயுக்தி. தை, மாசி, பங்குனின்னு இருந்தா அடுத்த இங்கிலீஷ் வருசத்துக்குப் போயிடணும், இங்கதான் நெறைய பேரு ஒரு வருசம் தப்பா குறிச்சுக்கறாங்க.

விலாசத்துல எஸ்.ஈ.ஏ.சி.ன்னு இருக்கறது தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமை, 1943ல ஆரம்பிச்சது, அதனால பர்மா முனைன்னு வூட்டுல சொன்னது சரியாத்தான் பொருந்துது. இந்தக் கார்டு எழுதி ரெண்டு வாரத்துக்குள்ள அரக்கான்ல பெரிய சண்டை ஆரம்பிச்சுது, மார்ச்சுல இம்பால். அந்த நேரத்துல அவரு கேக்கறது என்னன்னு பாருங்க, அந்த வார்த்த "மயிலைக்காளை". 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முந்தி லை, ளை ரெண்டுக்கும் முன்னால யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போடுவாங்க, ஒத்துக்குப் புள்ளி வெக்க மாட்டாங்க, துணைக்காலும் ர எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். மூணும் ஒரே வார்த்தைல சேந்து வந்தா இன்னைக்குப் படிக்கறவங்களுக்குத் திணறத்தான் செய்யும். "மயிலைக்காளைய என்ன கஷ்டம் வந்தாலும் விக்க வேண்டாம், நான் வந்து பாத்துக்கறேன்"னு எழுதியிருக்காருங்க.

கே: உக்கடத்துல ஒரு பழைய புக் கடைல, பேரூர் கோயில் படம் போட்ட போஸ்ட் கார்டு வாங்குனேன். பின்னால இங்கிலீஷ்ல இங்கிலாந்துக்கு யாருக்கோ எழுதி, அனுப்புனவரு விலாசம் எச்.எம்.எஸ். கருடான்னு இருக்குது. கோயமுத்தூருக்கும் கப்பலுக்கும் என்னங்க சம்பந்தம்? யாராச்சும் ஏமாத்தி வித்துட்டாங்களா? – வாசகர், சிங்காநல்லூர்

ஏமாத்தலீங்க, இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். பிரிட்டிஷ் கப்பற்படைல தரைல இருக்கற தளத்துக்கும் கப்பல் மாதிரியே முன்னால எச்.எம்.எஸ்.னு போட்டுப் பேரு வெப்பாங்க. 1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்க கொழும்பு, திருகோணமலை ரெண்டு துறைமுகத்தையும் குண்டு போட்டுத் தாக்குச்சு. அதே வருசம் நம்ம கோயமுத்தூர்ல கப்பற்படை விமானங்கள ரிப்பேர் பண்ற பட்டறை ஆரம்பிச்சாங்க, அதுக்கு வெச்ச பேருதான் கருடா. சண்டை முடியப்போற சமயத்துல, 1945ல, சூலூர்லயும் எச்.எம்.எஸ். வைரின்னு ஒரு தளம். நம்மூர்ப் பெருசுங்க சண்டைக் காலத்துல வெள்ளக்காரன் ஏரோப்ளேன் கொண்டாந்து ரிப்பேர் பண்ணுனான்னு பேசறது இதத்தான்.

கப்பற்படைத் தபால்ல பல சமயம் ஊர் பேரு இல்லாம "மாரிடைம் மெயில்"னு மட்டும் முத்திரை இருக்கும். உங்க கார்டுல அதும் இல்ல, சென்சார் குறியும் இல்ல, தபால்தலை ஒட்டுன தடமும் இல்ல, அப்ப அது இங்க இருந்து கெளம்பவே இல்லைன்னு அர்த்தம். எங்க இருக்கறோம்னு காட்டிக்குடுக்கற படத்த பட்டாளத்துத் தபால்ல சுலபமா விடமாட்டாங்க, அதனாலகூட நின்னுருக்கலாம். கோயமுத்தூர் வரலாற்றுக்கு இது நல்ல சாமான், பத்திரமா வெச்சுக்குங்க.

கே: கார்டுல ரெண்டு வரிய கருப்பு மை வெச்சு மறைச்சிருக்காங்க. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா அடில இருக்கறது தெரியுமா? – வாசகர், பொள்ளாச்சி

தொடாதீங்க சாமி, ரெண்டு மையும் சேந்து போயிடும். இருட்டு ரூம்புல டார்ச்ச அட்டைக்குப் பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிங்க, அழுத்தி எழுதுன பேனா குழி நிழலாத் தெரியும். பின்பக்கமும் பாருங்க. மறைச்சது பெரும்பாலும் ஊர் பேரோ கப்பல் பேரோதான் இருக்கும்.

சென்சாருக்குத் தெரியாம விசயம் சொல்றதும் உண்டுங்க. மொத சண்டைல ஃபிரான்சுல இருந்த வடக்கத்திச் சிப்பாய்ங்க கருப்பு மொளகு தீந்து போச்சு, இப்ப செவப்பு மொளகா போகுதுன்னு வூட்டுக்கு எழுதுனாங்க. இந்தியச் சிப்பாய்ங்க செத்து முடிஞ்சாங்க, இப்ப வெள்ளக்காரங்கள அனுப்பறாங்கன்னு சேதி. சென்சார் ஆபீசு அதையும் கண்டுபுடிச்சு எழுதி வெச்சதாலதான் நமக்கே இது தெரியுது. அதனால உங்க கார்டுல சமையல் சாமான், வெள்ளாமை, நோம்பின்னு சம்பந்தமில்லாம ஒரு வரி வந்தா ரெண்டு தடவ படிங்க.

கே: எங்க அப்புச்சியோட அண்ணன் சிங்கப்பூர்ல ஜப்பான்காரங்ககிட்ட கைதியா இருந்தவரு. "என் ஒடம்பு ரொம்ப நல்லா இருக்குது, சம்பளத்துக்கு வேலை செய்யறேன்"னு இங்கிலீஷ்ல அச்சடிச்ச கார்டு வந்திருக்குது. ஆனா அவரு திரும்பி வரவே இல்லீங்க. அப்ப அந்தக் கார்டு பொய்யா? – வாசகி, தாராபுரம்

அந்த வாசகம் அவரு எழுதுனது இல்லைங்க அம்மணி, ஜப்பான் ராணுவம் அச்சடிச்சுக் குடுத்தது. ஒடம்பு நல்லா இருக்குது, சாதாரணமா இருக்குது, ஆஸ்பத்திரில இருக்கறேன்னு இதுலயும் வரிங்க இருக்கும், அதுல ஒண்ண வெச்சுக்கிட்டு மிச்சத்த அடிக்கணும். முகாமோட நெலமைய எழுத எடமே குடுக்கல. செவப்புப் பொட்டிக்குள்ள இருக்கற ஜப்பான் எழுத்து கைதித் தபால்ங்கற முத்திரை, பக்கத்துல சின்னதா இருக்கறது அவங்க சென்சார் பாத்ததுக்கு அடையாளம்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. கைதித் தபால் வந்து சேர ஒரு வருசம், அதுக்கு மேலகூட ஆயிருக்குது, ஆக இங்க தபாலாபீஸ் குத்துன தேதிய வெச்சு அவரு அன்னைக்கு உயிரோட இருந்தாருன்னு கணக்குப் போட முடியாது. இந்திய தேசிய ராணுவத்துல சேராத கைதிங்கள்ல ஆயிரக்கணக்கான பேர கப்பல்ல நியூ கினி பக்கம் கொண்டுபோயி வேலை வாங்குனாங்க, அங்க பட்டினிலயும் சீக்குலயும் போனவங்க நெறைய. கார்டுல அவரு சொந்தமா எழுதுனது கையெழுத்தும், மேல மூலைல பொடிசா போட்ட பிள்ளையார் சுழியுந்தான். அது ரெண்டும் அவருதுதானுங்க, அதுல சந்தேகமே வேண்டாம்.

கே: லேமினேட் பண்ணி வெச்சா நல்லதா? – பலர்

கூடாது, ஒட்டுனா எடுக்க முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, கொஞ்ச வருசத்துல பழுப்புக் கறையா ஊறிப்போகும். ஆசிட் இல்லாத பேப்பர் கவர், இல்லாட்டி தபால்தலை சேக்கறவங்க வாங்கற பாலியெஸ்டர் கவர், ஒண்ணுக்கு ஒண்ணு. ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தா இன்னைக்கே எடுத்துப்போடுங்க.

கே: 1917 கார்டு ஒண்ணுல 2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்னு இருக்குது, ஒரு நம்பரும் இருக்குது. அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து காகிதமே இல்ல, ஈராக்குல இருக்கற பாஸ்ராவுல செத்துட்டாருன்னு தாக்கல் மட்டும் வந்துதாம். எங்க தேடறது? – வாசகர், பெருந்துறை

விக்டோரியா மகாராணி பேர்ல இருந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைங்க அது, பெங்களூர்ல தலைமை, இன்னைக்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். பாலம் கட்டறது, ரோடு போடறது, பதுங்குகுழி வெட்டறது அவங்க வேலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல பேரு, படை, வருசம் போட்டுத் தேடலாம், சிலருக்கு ஐயன் பேரும் ஊரும் ஜில்லாவும்கூட இருக்கும். இங்கிலீஷ்ல பேர இஷ்டத்துக்கு எழுதியிருப்பாங்க, அதனால பேர விட்டுட்டு படையும் வருசமும் மட்டும் போட்டு வர்ற லிஸ்ட்ட மொத்தமாப் படிங்க. தாலூக்காவும் அன்னைக்கு இருந்ததப் பாக்கணும், 1956 வரைக்கும் கொள்ளேகால்கூட கோயமுத்தூர் ஜில்லாதான்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லோணுங்க. 1929ல பாஸ்ராவுல கட்டுன நினைவுச் சின்னத்துல பிரிட்டிஷ்காரங்க பேரு இருக்குது, இந்திய அதிகாரிங்க பேரு இருக்குது, ஆனா சாதாரண இந்தியச் சிப்பாய்ங்க பேர வெட்டல. இந்தப் படைல இத்தன பேருன்னு எண்ணிக்கைய மட்டும் போட்டாங்க. இப்பிடி சமமா நடத்தாம விட்டது தப்புன்னு 2021ல அந்த ஆணையமே அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டுது. அதனால லிஸ்ட்டுல உங்க ஆளு இல்லாட்டி அதோட விட்டுராதீங்க. கார்டோட ரெண்டு பக்கமும் அந்த நம்பர் தெளிவாத் தெரியற மாதிரி ஸ்கேன் பண்ணி, தாக்கல் வந்த காகிதமோ பென்சன் காகிதமோ இருந்தா அதையும் சேத்து ஆணையத்துக்கு அனுப்பி, பேர சேக்கச் சொல்லிக் கேளுங்க. இங்கிலீஷ்ல எழுத யோசனையா இருந்தா நம்ம பத்திரிகைக்கு அனுப்புங்க, நான் எழுதித் தர்றேனுங்க.