கழிவு பீடியே உங்களுக்குச் சாட்சி

கேள்வி: ஆலங்குளம் பக்கம் எங்க ஊரு. கல்யாணமாகி வந்ததுல இருந்து பீடி சுத்துதேன். இலை, பீடிக் கணக்கு எழுதுத கம்பெனி பாஸ்புக் மாமியார் பேர்ல இருக்கு. ஆயிரம் பீடிக்குன்னு தர்ற இலை எழுநூறுக்கு மேல காணாது. மீதிக்குக் கைக்காசு போட்டு இலை வாங்குதேன். கட்டைப் பிரிச்சுப் பார்த்து, கழிவுன்னு எடுத்து வச்சுக்கிடுதாரு கடைக்காரரு, திருப்பித் தர்றதில்ல. கேட்டா, "வீட்ல இருந்து சுத்துத நீ கம்பெனி ஆளா?"ன்னு கேக்காரு. புகார் கொடுத்தா இலையை நிறுத்திருவாரோன்னு பயமா இருக்கு. என்ன செய்ய? (ஒரு வாசகி)

பதில்: கடைக்காரர் கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1985-லேயே பதில் சொல்லிவிட்டது அம்மா. வீட்டில் சுற்றினாலும் நீங்கள் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு. நீதிபதிகள் முக்கியமாகப் பார்த்தது எதை தெரியுமா? நல்ல பீடி எது, கழிவு எது என்று பார்த்துத் தள்ளுகிற அதிகாரம் முதலாளியிடம் இருப்பதை. வேலை அவர் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார்கள். உங்கள் கட்டைப் பிரித்துக் கழிக்கும்போதெல்லாம், 'இவள் எங்கள் ஆள்' என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இலையைப் பற்றித்தான் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரிய நஷ்டம் அந்தப் பாஸ்புக்கில்தான் இருக்கிறது என்று படுகிறது. பீடித் தொழிலில் கூலியில் நூற்றுக்குப் பத்து பி.எஃப். பிடிப்பார்கள், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். நீங்கள் சுற்றியதற்கெல்லாம் அந்தப் பணம் மாமியார் கணக்கில் ஏறுகிறது. பென்ஷனும் அவருக்குத்தான். முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியிலும், பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பத்திலும் உங்களை முதலில் கேட்பது தொழிலாளி என்பதற்கான அத்தாட்சியைத்தான். மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஒரு பாஸ் என்று வைத்துக்கொண்டால் லாபம் கம்பெனிக்குத்தான்: சுற்றுவது ரெண்டு பேர், கணக்கு ஒன்று.

இலை விஷயத்துக்கு இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, வாங்கிய இலை, புகையிலைத் தூள் எடை, கொடுத்த பீடி, கழித்தது எத்தனை, வெளியில் இலை வாங்கிய காசு எல்லாம் எழுதுங்கள். பாஸ்புக்கில் பதிந்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய ஊதியச் சட்டப்படி, குறைத்துக் கொடுத்த கூலியை மூன்று வருஷத்துக்குள் கேட்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். (புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு, இது பிடித்தது.) பீடிக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கிறது. பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரலில் மாறும். இந்த வருஷத்து ரேட் என்ன என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இலைக்குப் போட்ட கைக்காசைக் கழித்தால் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கிற கூலி அதற்குப் பக்கத்திலாவது வருகிறதா என்று பாருங்கள்.

இலையை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதனால் ஒத்தையாகப் போகாதீர்கள். அதே கடையில் இலை வாங்கும் எல்லோருக்கும் எடை குறையத்தான் செய்யும். பத்துப் பேர் சேர்ந்து, 'எங்க முன்னால நிறுத்துக் கொடுங்க, கழிவை எங்க முன்னாலயே ஒடிச்சுப் போடுங்க' என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஒடித்த பீடியை அவர் விற்க முடியாதே, ஒடிக்கச் சொன்னால் கழிவு பாதியாகும், பாருங்கள்! கேட்கவில்லையென்றால் பீடிச் சங்கத்தை அணுகுங்கள், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. இரண்டுக்கும் நம் பக்கம் பழைய வேர் உண்டு. மனுவில் பத்துப் பேர் கையெழுத்தும் இருக்கட்டும். 2019-ல் மாவட்டம் பிரிந்ததில் ஆலங்குளம் தென்காசிக்குப் போய்விட்டது. ஆகவே கூலி மனு தென்காசி தொழிலாளர் அலுவலகத்துக்கு, பி.எஃப். மனு திருநெல்வேலி மண்டல அலுவலகத்துக்கு.

பாஸ்புக்கை மட்டும் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். கடிதத்தில் வயதைச் சொல்லவில்லை. பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், 58-ல் கணக்கு நின்றுவிடும். 48-ஐத் தொடுவதற்குள் உங்கள் பேரில் பாஸ் வந்தாக வேண்டும். ஆதாரில் இருக்கிற மாதிரியே, இனிஷியல் உட்பட, எழுத்து மாறாமல் பேர் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.