பி.பார்ம் சேரும் முன் எந்த வேதியியலைப் படிப்பது?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் எங்கள் ஊர். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். பிளஸ் டூ தமிழ் வழியில் படித்தேன். வேதியியலை மனப்பாடம் செய்தே பாஸ் ஆனேன். கணக்கு வந்தால் விட்டுவிடுவேன். இப்போது பி.பார்ம் (மருந்தியல் பட்டப்படிப்பு) இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க ஆறு வாரம் இருக்கிறது. எதைப் படித்துக்கொண்டு போனால் தாக்குப்பிடிக்கலாம்?

பதில்: தம்பி, நீங்கள் விட்டுவிட்ட அந்தக் கணக்குகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முதல் செமஸ்டரிலேயே மருந்துப் பகுப்பாய்வும் கனிம வேதியியலும் வந்துவிடும். ஆய்வகத்தில் '0.1 நார்மல் (செறிவைச் சொல்லும் ஒரு அலகு) கரைசல் தயார் செய்' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமான வேதிக் கணக்கீடுகளையும், 'கரைசல்கள்' பாடத்தையும் எடுங்கள். ஆறு வாரத்தில் மூன்று வாரம் இவற்றுக்கே. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. சோடியம் குளோரைடின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 58.5 கிராம். வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். உங்கள் ஊர்க் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். கிராமிலிருந்து மோலுக்கும் மோலிலிருந்து கிராமுக்கும் தடுமாறாமல் போய்வரப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கரைதிறனுக்கு அப்பாவிடமே பாடம் கேட்கலாம். பாத்தியில் டிகிரி பார்க்கிறார்களே, அது கரைசலின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். ஏறத்தாழ 25 டிகிரியில்தான் உப்பு விளையும். உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசிய உப்புகள் நிற்கும். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பும் ஒரு மெக்னீசிய உப்புதான். எது முதலில் படியும், எது கரைசலிலேயே நிற்கும் என்ற இந்தக் கேள்வி நான்கு வருடமும் உங்களை விடாது.

நான் மாணவனாக இருந்தபோது, மருந்தில் குளோரைடு வரம்பு மீறி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மருந்தைக் குற்றம் சொல்லிவிட்டேன். குளோரைடு இருந்தால் வெள்ளி நைட்ரேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். வெள்ளி நைட்ரேட் விட்டதும் குழாய் முழுக்கப் பால் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால், ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவிய குழாயைக் காய்ச்சி வடித்த நீரால் அலசாமல் விட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் ஊர்க்காரனுக்கே அது தோன்றவில்லை என்று ஆசிரியர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்பின் 'அயனிச் சமநிலை'. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு), பிகேஏ (ஒரு அமிலம் பாதி அயனியாகி நிற்கும் பிஎச்), தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்), கூடவே மடக்கை (லாகரிதம்). ஆஸ்பிரினின் பிகேஏ சுமார் 3.5. இரைப்பையின் பிஎச் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2, மடக்கையில் அது நூறு மடங்கு. நூறு மூலக்கூறு அயனியாகாமல் இருந்தால் ஒன்றுதான் அயனியாகியிருக்கும். அயனியாகாத மூலக்கூறு செல் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். சிறுகுடலில் பிஎச் ஏறும்போது கணக்கு தலைகீழாகிவிடும். ஆனாலும் குடலின் பரப்பு மிகப் பெரியது என்பதால் பெரும்பகுதி மருந்து அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. சூத்திரம் எங்கே நிற்கும், உடல் எங்கே மீறும் என்று பார்ப்பதில்தான் இந்தப் படிப்பின் ருசி.

கரிம வேதியியலில் வினைப்பெயர்களை அடுக்க வேண்டாம். ஆல்கஹால், அமிலம், எஸ்டர், அமீன், அமைடு ஆகியவற்றைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். ஆஸ்பிரின் ஒரு எஸ்டர். கடற்கரை ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் நீரோடு வினைபுரிந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். அப்படிக் கெட்ட மாத்திரை டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வரும்.

உலோகவியல், குவாண்டம் எண்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் வழியில் படித்தது குறையே இல்லை, வார்த்தைதான் பிரச்சினை. ஒரு நோட்டுப் போட்டு, தரம்பார்த்தல் என்றால் டைட்ரேஷன், வீழ்படிவு என்றால் பிரெசிப்பிடேட் என்று தினம் பத்து வார்த்தை எழுதுங்கள். கருத்து ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது.

ஆறாவது வார முடிவில் ஒரு ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9. கரைசலில் உள்ள துகள்கள் மொத்தம் எத்தனை மில்லிமோல் என்று கணக்கிடுங்கள். 245-ஐ ஒட்டி வந்தால் தைரியமாக வகுப்புக்குப் போங்கள். 149 வந்தால், உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரியும் என்பதை மறந்துவிட்டீர்கள். கணக்கை மறுபடி போடுங்கள்.