வான்கோழி நெஞ்சுக்கறி ஏன் உலர்ந்துபோகிறது?

கேள்வி: சென்ற தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு எலும்புடன் கூடிய 6 பவுண்டு வான்கோழி நெஞ்சுக்கறியை வாங்கி, ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானை) ‘லோ’ என்னும் நிலையில் 10 மணி நேரம் வைத்தேன். நேரம் கூடினால் கறி மிருதுவாகும் என்று நம்பியிருந்தேன். மாறாக, நார் நாராகப் பிரிந்து, பஞ்சை மெல்வது போல் இருந்தது. பானையில் இரண்டு கோப்பைச் சாறு நின்றது. சாற்றிலேயே கிடந்த கறி எப்படி உலரும், அம்மா?
– வாசகி ஒருவர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அந்த இரண்டு கோப்பைச் சாற்றில் பெரும்பகுதி கறிக்குள் இருந்திருக்க வேண்டியது, சகோதரி. சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்படி வெளியேறிய நீரில் கறி எவ்வளவு நேரம் ஊறினாலும் அது திரும்ப உள்ளே போகாது. முதிர்ந்த ஆட்டுக்கறியும் வான்கோழியின் தொடைக்கறியும் நேரம் கூடக்கூட மிருதுவாவது உண்மைதான். அவற்றில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் இணைப்புத்திசுப் புரதம் மெல்ல உருகிக் கூழாகி, நார்களுக்கு வழுவழுப்பைத் தருவதே அதற்குக் காரணம். வான்கோழி நாள் முழுவதும் நடக்கும் பறவை, பறப்பது அரிது. ஆகவே உழைத்த காலில் கொலாஜன் மிகுதி, நெஞ்சில் மிகக் குறைவு. கொழுப்பும் அங்கே சொற்பம். வெந்த பிறகு அது அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பே.

ஸ்லோ குக்கருக்கு 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்ஸான், தம் பாட்டி லித்துவேனியாவில் சமைத்த சோலன்ட் என்னும் யூத உணவைப் பற்றித் தாயார் சொல்லக் கேட்டே அதை வடிவமைத்தார். பயறும் முரட்டு இறைச்சியும் இரவு முழுவதும் வேகும் பண்டம் அது. அதற்கென்று பிறந்த கருவியில் நெஞ்சுக்கறியை வைக்கும்போது கவனம் வேண்டும். பெரும்பாலான குக்கர்களில் ‘லோ’, ‘ஹை’ இரண்டுமே இறுதியில் கொதிநிலையை ஒட்டிய சூட்டைத் தொட்டுவிடும். வேறுபாடு, அதை எட்டும் வேகத்தில் மட்டுமே.

எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள். அமெரிக்க வேளாண் துறை கோழி வகைகளுக்குச் சொல்லும் பாதுகாப்பான உட்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ். உங்கள் 6 பவுண்டுக் கறி ‘லோ’வில் ஏறத்தாழ ஐந்தாறு மணி நேரத்தில் அதை எட்டிவிடும் என்றாலும், நான்காம் மணியிலிருந்தே, மிகப் பருத்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். அதற்கு முன் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு இறங்கிச் சமையல் நீளும்.

முந்தைய இரவே உப்புத் தடவிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. ஆனால் கடையில் கிடைக்கும் பல வான்கோழிகளில் உப்புநீர் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கும். உறையில் அவ்வாறு அச்சிட்டிருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் குழைத்து, தோலை விரலால் மெல்லத் தூக்கி அதற்கடியில் தடவுங்கள். தடிமனாக அரிந்த வெங்காயத்தை அடியில் பரப்பி, தோல் மேலே தெரியும்படி அமர்த்தினால் போதும். அரைக் கோப்பைக்கு மேல் நீர் வேண்டாம். ஆவியில் தோல் மொறுமொறுப்பாகாது என்பதால், வெந்ததும் ஓவனின் மேல் அனலில் நான்கைந்து நிமிடம் காட்டி எடுங்கள்.

உடனே வெட்டாமல் 20 நிமிடம் ஆறவிடுங்கள். பின்பு நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, ஒரு பக்கக் கறியை முழுதாகக் கழற்றிப் பலகையில் வைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வில்லைகளாக அரியுங்கள். நார் குட்டையானால் வாயில் தட்டாது.

கேள்வி: உறைந்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் வைக்கலாமா?
– மற்றொரு வாசகர், டாலஸ்

பதில்: கூடாது. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியை ஸ்லோ குக்கரில் கடக்க மணிக்கணக்காகும். குளிர்பெட்டியில் 4 அல்லது 5 பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு முழுவதும் உருகவிடுங்கள். மீந்த கறியை ஸ்லோ குக்கரில் சூடுபடுத்துவதும் இதே காரணத்தால் தவறு. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, சாற்றுடன் அடுப்பில் நன்கு சூடாக்கி, நான்கு நாளுக்குள் உண்டு தீர்த்துவிடுங்கள்.