பின் சீட் டிவியைக் கழற்றவா, பேட்டரியை மாற்றவா?

கேள்வி: கோத்தகிரியில் சொந்த வண்டியை டூரிஸ்ட் டாக்ஸியாக ஓட்டுகிறேன். டீசல் இன்னோவா. வரும் குடும்பங்களில் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை என்று முன் சீட் ஹெட்ரெஸ்ட் இரண்டிலும் ஸ்கிரீன் மாட்டினேன். கீழே சமவெளியில் ஒரு கடையில் செய்த வேலை. அன்றிலிருந்து, ஊட்டியில் இரவு தங்கினால் காலையில் செல்ஃப் (இன்ஜினை எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுப்பதில்லை. பேட்டரியை மாற்றியும் அதே கதை. இன்னும் பெரிய பேட்டரியாகப் போடச் சொல்கிறார்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேறு வருகிறது, டிவி இருந்தால் ஆகாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். காலையில் ஸ்கிரீனில் பனி மாதிரி படிகிறது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடட்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம். இன்னொரு பேட்டரியும் வாங்க வேண்டாம். அடுத்த முறை ஊட்டியில் தங்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை நிறுத்தியதும் ஸ்கிரீனுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போங்கள். காலையில் செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும். அப்போதும் எடுக்கவில்லை என்றால் டிவி மேல் குற்றமில்லை. டைனமோ (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது), பேட்டரி டெர்மினல், எர்த் வயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

"எந்த ஃபியூஸ்? அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லையே" என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஃபியூஸே வைக்காமல் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்க்கிற வண்டிகளில் இது அபூர்வமும் இல்லை. பேட்டரியிலிருந்து சீட் வரைக்கும் தரை விரிப்புக்கு அடியில் ஓடுகிற வயர் எங்காவது உராய்ந்து இரும்பில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வண்டியில் முதலில் வருவது புகை. அப்படி இருந்தால் சோதனை எல்லாம் பிறகு. உடனே அந்த இணைப்பைப் பேட்டரி பக்கமே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். இந்த செட்களில் பெரும்பாலும் மூன்று வயர்தான் முக்கியம். மஞ்சள் வயருக்குப் பேட்டரியிலிருந்து எந்நேரமும் கரண்ட் வர வேண்டும். சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டும். கறுப்பு எர்த். மஞ்சள், நீங்கள் வைத்த செட்டிங் மறக்காமல் இருப்பதற்கு. அது இழுக்கிற கரண்ட் அற்பம். செட்டை எழுப்புவதும் தூங்க வைப்பதும் சிவப்பு. இந்தச் சிவப்புக்குச் சாவி பாயிண்ட் தேடவேண்டும் என்றால் டேஷ்போர்டைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, பொறுமையாகச் செய்யவேண்டும். அதற்குப் பதில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அரை நிமிடத்தில் படம் ஓடும். நீங்களும் பணம் கொடுத்துவிட்டு மலை ஏறிவிடுவீர்கள். செட் மட்டும் அன்றிலிருந்து தூங்கவே தூங்காது. ரிமோட்டில் அணைத்தால் திரை கறுக்கும், உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து ஸ்கிரீனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் அது ஜில்லென்று இருக்கவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கும் ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. ஒழுங்கான வண்டி பூட்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்கும். முறுக்கிய வயர் உள்ள செட் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு 6 ஆம்பியர்-அவர் (பேட்டரியில் இருக்கும் சார்ஜின் அளவு) போய்விடும். மழைக்கு இரண்டு நாள் வண்டி சும்மா நின்றால் 24. உங்கள் வண்டி மாதிரி டீசல் வண்டிகளின் பேட்டரியே சுமார் 60, 70 ஆம்பியர்-அவர்தான். அதன் மேல் குளிர். பூஜ்யம் டிகிரி பக்கம் போனால் ஈயப் பேட்டரி தன் பலத்தில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். இன்ஜின் ஆயிலும் இறுகியிருக்கும் என்பதால் அதே நேரத்தில் செல்ஃப் மோட்டார் அதிகமாகக் கேட்கும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூத்து நிற்பது உங்களுக்குத் தெரியாததா. கோயம்புத்தூரில் இரவெல்லாம் கசிந்தாலும் காலையில் வண்டி எடுத்துவிடும். அதனால் மாட்டிக் கொடுத்தவர் "எங்க ஊர்ல நல்லாத்தானே ஓடுது" என்று சொன்னால் அது பொய் அல்ல. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் அவர் ஒரு இரவு நிறுத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பெரிய பேட்டரி போடச் சொன்னவரைக் கேளுங்கள், ஓட்டைக் குடத்துக்குப் பதிலாக இன்னும் பெரிய ஓட்டைக் குடம் வாங்கினால் தண்ணீர் நிற்குமா என்று. பேட்டரிக் கடையின் வழக்கம் எனக்கு மனப்பாடம். நீங்கள் கொண்டுபோய் வைப்பீர்கள். ராத்திரி சார்ஜில் போடுவார்கள். காலையில் டெஸ்டர் வைத்தால் "ஓகே" என்று வரும், வராமல் என்ன? சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி ஓகேதான். கசிவு வண்டியில் இருக்கிறது, அவர்கள் மேஜையில் இல்லையே. வாரண்டி கேட்டால் அட்டையைத் திருப்பி, வாடகை வண்டிக்கு வேறு கால அளவு என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுவார்கள். விற்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். காலையில் அது 12.4க்குக் கீழே போயிருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். 12.0 என்றால் பேட்டரி ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4 வரை வந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது.

டைனமோ என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைப் படாரென்று கழற்றி, "பாருங்க, இன்ஜின் நிக்கல, டைனமோ சூப்பர்" என்று வித்தை காட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நொடியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். ஸ்கிரீன் போகும், சில சமயம் வண்டியின் கம்ப்யூட்டரே போகும். யாராவது ஸ்பானரோடு டெர்மினல் பக்கம் வந்தால் கையைப் பிடியுங்கள். அதே மாதிரி, காலையில் செல்ஃப் எடுக்காத அவசரத்தில் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். லாரி பெரும்பாலும் 24 வோல்ட், உங்களுடையது 12. இன்னொரு காரிலிருந்து எடுங்கள், அதற்கு முன் ஸ்கிரீன் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள்.

இந்த 24 வோல்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நீங்களோ உங்கள் நண்பர்களோ நாளைக்கு மினி பஸ் வாங்கக்கூடும். இதுவரை நான் சொன்ன வயர் கதை 12 வோல்ட் வண்டிக்கு. 24 வோல்ட் பஸ்ஸில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். டிவிக்கு 12 போதும் என்று, மாட்டுபவர் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார். படம் அருமையாக ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும். டைனமோ இரண்டையும் சேர்த்தேதான் சார்ஜ் செய்யும், எது காலி எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. முடிவில் டிவி ஓடும் பேட்டரி பட்டினி கிடந்து சாகும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, தண்ணீர் கொதித்துச் சாகும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் நிலைமை இன்னும் மோசம், பழையதும் புதியதும் ஒத்துப்போகாது. வழி ஒன்றே: 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கி, இரண்டு பேட்டரியிலிருந்தும் சேர்த்தே எடுக்கவேண்டும். கன்வர்ட்டரின் உள்ளே போகும் பக்கத்திலும் ஃபியூஸ், சாவி அணைத்தால் கன்வர்ட்டரே அணையும்படி ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்). அது இல்லாவிட்டால் கன்வர்ட்டரே ராத்திரி முழுக்கக் கரண்ட் குடிக்கும். வேன்களில் 12 வோல்ட்டும் உண்டு, ஆகவே வண்டியின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் பேட்டரிகளை எண்ணி, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு வருவோம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: சிவப்பு வயர் சாவி பாயிண்டுக்குப் போகட்டும், மஞ்சள் வயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எல்லாம் போய் கிரிம்ப் (வயரை உலோகக் குழலில் நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) வரட்டும், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது வயர் இழுபடாத அளவு நீளம் விடட்டும். "மஞ்சளை வெட்டிவிட்டால் போச்சு" என்பவர்களும் உண்டு. வெட்டினால் தினமும் செட்டிங்கைப் புதிதாக வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் படம் ஓடவிடும் பழக்கத்தையும் பாருங்கள். கோடநாடு காட்சி முனையில் பெரியவர்கள் இறங்கிப் போவார்கள், பிள்ளைகள் வண்டியிலேயே கார்ட்டூன் பார்ப்பார்கள். ஒரு ஸ்கிரீனுக்குச் சுமார் ஒரு ஆம்பியர் என்றால், இரண்டும் ஒரு மணி நேரம் ஓடினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மறுநாள் காலையில் தெரியும். சீசனில் பர்லியாறு பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போதும் இதே கணக்குதான். இரவில் வண்டிக்குள்ளேயே படுத்து, படம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகும் டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கும் விடுதிகள் ஓட்டுநருக்கு அறை ஒதுக்கவேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. விதி இருக்கிறது, அறையைத்தான் காணோம். ஆனால் பேட்டரி இறங்காமல் இருக்கட்டும், குளிரும் அடங்கட்டும் என்று கண்ணாடிகளை ஏற்றி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எஃப்.சி. பற்றி. பயமுறுத்தியவர் புரோக்கராகத்தான் இருப்பார், அடுத்த வாக்கியத்தில் ஒரு தொகையும் சொல்லியிருப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஹெட்ரெஸ்ட் ஸ்கிரீன் இருக்கை எண்ணிக்கையையோ எடையையோ எரிபொருளையோ மாற்றுவதில்லை. சட்டம் கவலைப்படுவது டிரைவர் படம் பார்க்கிறாரா என்பதைத்தான். 2017ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி, வழி காட்டும் வரைபடம் தவிர வேறு வீடியோ எதையும் ஓட்டும்போது டிரைவர் பார்க்கக்கூடாது. அதனால் முன்பக்கத் திரையில் அதே படம் சேர்ந்து ஓடும்படி இணைத்திருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். வண்டியை நீங்களே கொண்டுபோய் நிறுத்துங்கள். வரிசை நீளம், சர்வர் வேலை செய்யாது, இன்று போய் நாளை வா என்பார்கள். அந்த அலுப்பைத்தான் புரோக்கர் காசாக்குகிறார். ஆய்வாளர் எதையாவது மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பனி படிவதற்கு டிவி பழுது என்று அர்த்தமில்லை. குளிர்ந்த கண்ணாடி மேல் உங்கள் மூச்சின் ஈரம் படிகிறது. மூடுபனி நேரத்தில் ஹீட்டரைத் திரைக்கு நேராகத் திருப்பாமல், வண்டி மெல்லச் சூடாகட்டும் என்று விட்டுப் பிறகு திரையைப் போடுங்கள். டிவிடி பிளேயர் இருந்தால் தட்டை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் விடவேண்டும், லென்ஸில் ஈரம் இருந்தால் படம் தாவும். கடுங்குளிரில் படம் இழுபட்ட மாதிரி தெரிவதும் இயல்பு. சூடேறினால் சரியாகிவிடும். மலைப்பாதையில் சிக்னல் அறுந்து அறுந்து வரும் என்பதால் படங்களை முன்பே பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கல்லாறு தாண்டியதும் படத்தை நிறுத்திவிடுவது சீட் கவருக்கும் நல்லது. கண் திரையில் நிலைத்திருக்க, காது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் உணர்வதால்தான் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். குன்னூர் வந்தபிறகு மறுபடி போடுங்கள்.

திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் நீல திரவம் எதுவும் படக்கூடாது. முக்கியமாக யூகலிப்டஸ் தைலம். நம் வண்டிகளில் பாதியில் சீட் பின்பையில் ஒரு பாட்டில் கிடக்கும், மூடி லூசாக. ஸ்டிக்கர் பசையையே கரைக்கிற எண்ணெய் அது, சில பிளாஸ்டிக்குகளையும் அரிக்கும். வாந்தி வரும் பிள்ளைக்குக் கைக்குட்டையில் தடவிக் கொடுத்தால், அதே கைக்குட்டையால் அந்தப் பிள்ளை திரையைத் துடைக்கும். பாட்டிலை முன்னால் டேஷ்போர்டு பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.